விஷக் காற்றைச் சுவாசித்தவர்கள் சட்டத்திடம் என்ன கேட்கலாம்? ஓர் எளிய அறிமுகம்

2023 டிசம்பர் 26 ராத்திரி. எண்ணூர் பெரியகுப்பம் பக்கம், கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த சனம் கண் எரிச்சலோடும் தொண்டை அடைப்போடும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கையில் கிடைத்த துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஊரைவிட்டு ஓடியது. 50 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள்.

சில மாதம் கழித்து, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, அன்னியிலேர்ந்து கூடையத் தூக்கிக்கினு நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. இதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா?” நான் வக்கீல் இல்லை. இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக மனு எழுதிக் கொடுப்பவன். “போடலாம்க்கா. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, சீட்டு வெச்சிருக்கீங்களா?” என்றேன். “அது அப்பவே எங்கயோ போயிடுச்சுப்பா” என்றார்.

அந்த ஒரு சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று அன்று அவரிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பைக் விபத்து வழக்கு எல்லோருக்கும் தெரியும் இல்லையா, அதிலிருந்து தொடங்கலாம். லாரி மோதியது, கால் உடைந்தது, போலீஸ் வந்து எஃப்.ஐ.ஆர். போட்டது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிகிறது. கால் உடைந்ததற்கு லாரிதான் காரணமா என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள். தப்பு யார் மேல், பணம் எவ்வளவு, இந்த இரண்டில்தான் சண்டை.

நச்சுப் பொருளால் வரும் பாதிப்பில் கதை தலைகீழ். அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. கண்ணிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரத்தில் கரைந்து அங்கேயே புண்ணாக்கிவிட்டுப் போய்விடும். ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் அது வந்துபோன தடமே இருக்காது. புண் மட்டும் இருக்கும், புண்ணுக்குப் பெயர் இருக்காது. கச்சா எண்ணெயிலிருந்து கிளம்பும் பென்சீன் காற்றில் ஆவியாகிவிடும், ஆனால் நாள்பட அதைச் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் பொருள் அது. ஆஸ்பெஸ்டாஸ் இன்னொரு விதம்: நார் நுரையீரலிலேயே தங்கிவிடும், நோய் தலைகாட்ட இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். விபத்து நடக்கும் நாள் ஒன்று, நோய் தெரியும் நாள் வேறொன்று. நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் இந்த வழக்குகளின் முழுச் சிக்கலும்.

அதனால் இந்த மாதிரி வழக்கில் பாதிக்கப்பட்டவருடைய வக்கீல் மூன்று முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. இவர் அந்த நாளில், அந்த இடத்தில் இருந்தார், அந்தப் பொருள் இவர் உடம்புக்குள் போகிற தூரத்தில் இருந்தார் என்பது முதல் முடிச்சு. அந்தப் பொருள் பொதுவாக இப்படிப்பட்ட நோயைத் தரக்கூடியது என்பது இரண்டாவது. இதற்கு மருத்துவ ஆராய்ச்சிகள் கைகொடுக்கும். மூன்றாவதுதான் கஷ்டமானது: இந்த மனிதருக்கு வந்த இந்த நோய் அதனால்தான் வந்தது.

அந்த மூன்றாவது முடிச்சை அவிழ்க்கத்தான் எதிர்த்தரப்பு முழு பலத்தையும் போடும். பீடி குடிப்பவரா என்று கேட்பார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்ததா என்று கேட்பார்கள். வடசென்னை என்றால் அவர்களுக்கு இன்னும் வசதி. அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது, சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, லாரிப் புகை இருக்கிறது, கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது, இதில் எங்கள் குழாய் மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பார்கள். ஏற்கெனவே பல ஆலைகளின் காற்றைச் சுவாசித்தே வாழ்கிற மக்களுக்கு, அந்தப் பாதிப்பே அவர்களுக்கு எதிரான வாதமாக மாறுகிறது. இதைவிட அநியாயம் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. கொலை வழக்கு போல ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டிய வழக்கு இல்லை இது. இழப்பீட்டு வழக்கில், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைப் பார்ப்பார்கள், தராசு கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். அப்புறம், ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தவருக்கு அது மோசமானால், அந்த மோசமானதும் பாதிப்புதான். பலவீனமான உடம்பு என்பதற்காக யாரும் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது.

இந்த மூன்றாவது முடிச்சுக்கு வேறு மாதிரி வழி கண்டுபிடித்த ஊர் ஒன்று இருக்கிறது. அது நியூயார்க். 2001 செப்டம்பர் 11-ல் உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களும் விழுந்தது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அங்கே என்ன மிதந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. பொடியான சிமென்ட், கண்ணாடி நார், ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், எரிந்த பிளாஸ்டிக் எல்லாம் கலந்த தூசி. ஒரே வாரத்தில், செப்டம்பர் 18-ம் தேதி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் அந்தக் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அறிவித்தார். தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் கட்டடத் தொழிலாளர்களும் இடிபாட்டில் வேலை பார்த்தார்கள், சுற்றுவட்டாரத்து மக்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு இருமல் வந்தது, பல வருடம் கழித்துப் புற்றுநோய் வந்தது.

அவர்களில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் தொடுத்த வழக்குகள் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுத்து, 2010-ல்தான் சமரசத்துக்கு வந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘என் நோய் அந்தத் தூசியால்தான்’ என்று நிரூபிக்கப் போனால் ஆயுசு போதாது என்பது அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கூடவே இன்னொரு பக்கம் போராடிக் கொண்டுவந்த சட்டம் 2011 ஜனவரி 2-ம் தேதி கையெழுத்தானது. 2006-ல் மூச்சுக் கோளாறால் இறந்த ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற துப்பறியும் காவலரின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. அதன்படி ஒரு மருத்துவத் திட்டமும் ஒரு நிதியும் உண்டு. எந்தெந்த நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீங்கள் அந்தக் காலத்தில் அந்த எல்லைக்குள் இருந்தீர்கள், பட்டியலில் உள்ள நோய் உங்களுக்கு இருக்கிறது, அது அந்தத் தூசியோடு தொடர்புடையது என்று அந்தத் திட்டத்தின் மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள் என்றால், யார் தப்பு என்று வழக்காட வேண்டியதில்லை. புற்றுநோய்கள் முதலில் பட்டியலில் இல்லை, 2012-ல்தான் சேர்த்தார்கள்.

இதில் நான் அடிக்கோடு போட விரும்புவது ஒன்றுதான். அங்கே போனவர்கள் காட்ட வேண்டிய முதல் விஷயமே ‘நான் அங்கே இருந்தேன்’ என்பது. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பள்ளிப் பதிவேடு, அது எதுவும் இல்லாவிட்டால் கூட இருந்தவர்கள் எழுதித் தரும் பிரமாணப் பத்திரம். இருபது வருடம் கழித்து அதைத் தேடி ஓடும் வேலையில்தான் வக்கீல்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் பெரும்பாதி நேரம் போகிறது.

பணம் தானாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 பிப்ரவரியில் நிதி தீர்ந்துகொண்டே வருகிறது என்று சொல்லி இழப்பீட்டைப் பாதியாகவும் அதற்குக் கீழேயும் குறைத்தார்கள். ஜூன் மாதம், உடல் நைந்துபோன ஒரு முன்னாள் காவலர் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து உட்கார்ந்து பேசினார், அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார். ஜூலையில் சட்டம் திருத்தப்பட்டது, மனு கொடுக்கும் காலம் 2090 வரை நீண்டது. அன்று அங்கே கைக்குழந்தையாக இருந்தவர் கிழவராகி நோயில் விழுந்தாலும் கதவு திறந்திருக்கும். சட்டத்துக்காக வாதாடுவது என்றால் கோர்ட்டில் பேசுவது மட்டும் என்று நினைக்காதீர்கள், அந்த நாடாளுமன்ற நாற்காலியும் இதில் அடக்கம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

போபால். 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ வாயு கசிந்தது. மறு வருடமே ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் வழக்கு நடத்தும் உரிமையை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு நீடிக்கும் என்று முழுதாகத் தெரிவதற்கு முன்னாலேயே தொகை முடிவாகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்கவும் இல்லை. பின்னாடி 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைப் பிரித்தபோது, மிகப் பெரும்பாலானவர்களுக்கு ‘தற்காலிகப் பாதிப்பு’ என்ற முத்திரை விழுந்தது, முதல் சுற்றில் கிடைத்தது 25,000 ரூபாய். கூடுதல் தொகை கேட்டு அரசு 2010-ல் போட்ட சீராய்வுக்கு அடுத்த கட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது.

‘தற்காலிகம்’ என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மருத்துவப் பதிவுகளிலிருந்து. வாயு பட்ட மறுநாள் எந்தச் சோதனையும் செய்யப்படாதவர், சீட்டு இல்லாதவர், சீட்டில் ‘இருமல்’ என்று மட்டும் எழுதப்பட்டவர், இவர்களெல்லாம் அதிகப் பாதிப்பு என்று காட்ட என்னதான் செய்ய முடியும்? 2012-ல்கூட, போபால் மருத்துவமனைகளின் பதிவுகளைக் கணினியில் ஏற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. சம்பவம் நடந்து 28 வருடம் கழித்து.

போபாலுக்கு ஒரு வருடம் கழித்து, 1985 டிசம்பர் 4-ம் தேதி டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற கந்தக அமில வாயு கசிந்தது. தீஸ் ஹஸாரி நீதிமன்றத்தில் தொழில் செய்த ஒரு வழக்கறிஞரே அதில் இறந்துபோனார் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த அந்த வழக்கில், 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு சொன்னதுதான் இன்றுவரை நமக்கு இருக்கும் பெரிய ஆயுதம். ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் நடத்துகிறவர், அதனால் ஊருக்குத் தீங்கு வந்தால் முழுப் பொறுப்பு. நான் கவனமாகத்தான் இருந்தேன், புயல் வந்துவிட்டது, வெளியாள் எவனோ செய்தான் என்ற சாக்கு எதுவும் செல்லாது. இன்னொன்றும் சொன்னார்கள்: நிறுவனம் எவ்வளவு பெரிதோ, இழப்பீடும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

ஆக, ‘யார் தப்பு’ என்ற கேள்வி நம் ஊரில் பாதி தீர்ந்த கேள்வி. ‘என் நோய்க்கு அது காரணமா’ என்பதுதான் இன்னும் தீராதது.

சென்னையில் எந்தக் கதவைத் தட்டுவது?

சேப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டி, கலச மஹால் என்ற பழைய நவாப் காலத்து மாளிகை இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான். 2010-ல் வந்த சட்டத்தின்படி, மாசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணமும் இழப்பீடும் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. விபத்து என்றால், தப்பு யாருடையது என்று நிரூபிக்கச் சொல்லாமலே பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இந்த விஷயங்களை சிவில் கோர்ட்டில் போட முடியாது, இங்கேதான் வர வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே நேரில் வாதாடவும் அனுமதி உண்டு, ஆனால் மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதால் நம் மக்களுக்கு அது பெயரளவு அனுமதிதான். இழப்பீடு கேட்டால், கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

யாரும் மனு போடாமல் செய்தித்தாளைப் பார்த்தே தானாக வழக்கெடுக்கவும் தீர்ப்பாயத்தால் முடியும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எண்ணூர் அம்மோனியா கசிவு, அதற்கு மூன்று வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பரவிய எண்ணெய், 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேட்டில் நாள்கணக்கில் எரிந்த தீ, எல்லாம் இப்படித்தான் தீர்ப்பாயத்துக்கு வந்தன. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7-ம் தேதி ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தபோது, மறுநாளே அந்த நிறுவனத்தை 50 கோடி ரூபாய் முன்பணமாகக் கட்டச் சொன்னதும் இதே தீர்ப்பாயம்தான். நல்ல விஷயம். ஆனால் தானாக எடுத்த வழக்கில் உங்கள் பெயர் இருக்காது. ஆற்றைப் பற்றிப் பேசுவார்கள், குழாயைப் பற்றிப் பேசுவார்கள், உங்கள் நெஞ்சைப் பற்றிப் பேச நீங்கள்தான் தனி மனுவோடு உள்ளே போக வேண்டும்.

இன்னொரு கதவு மாவட்ட ஆட்சியர். 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று, பலருக்குத் தெரியாதது. ஆபத்தான பொருள் கையாளும் நிறுவனம் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், விபத்து நடந்தால் ஆட்சியரிடம் மனு கொடுத்து உடனடி நிவாரணம் கேட்கலாம். சட்டம் வந்தபோது உயிரிழப்புக்கு 25,000, மருத்துவச் செலவுக்கு 12,500 வரை என்று வைத்தார்கள். இந்தத் தொகைகளை நினைத்தால் மனசு கசக்கிறது. ஆனால் இதை வாங்குவதால் பெரிய இழப்பீடு கேட்கும் உரிமை போகாது, பிறகு கழித்துக்கொள்வார்கள். எண்ணூர், திருவொற்றியூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன, அதனால் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகம். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்றால் திருவள்ளூர். இதில் தப்பாகப் போய் இரண்டு மாதம் வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலைக்குள் வேலை பார்த்த தொழிலாளிக்கு இந்த வழி இல்லை, அவருக்கு ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் இழப்பீடு என்று தனிப் பாதை.

உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். மருத்துவ முகாம் நடத்து, ஆய்வறிக்கையை வெளியிடு என்று அரசுக்கு உத்தரவு வாங்க அது நல்ல இடம். கோர்ட்டுப் படியேறிப் பல வருடம் நின்று கடைசியில் சமரசத்தில் முடிந்ததும் உண்டு. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 591 பேருக்கும் ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஆனது 2016 மார்ச்சில். ஆலை மூடப்பட்டதோ 2001-ல்.

பணத்தின் பெயர்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விபத்துக்குப் பிறகு அரசு கொடுப்பது நிவாரணம், அது கருணை. நிறுவனத்திடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வசூலிப்பது சுற்றுச்சூழல் இழப்பீடு. ‘இத்தனை கோடி அபராதம்’ என்று பேப்பரில் வருமே, அது இதுதான், அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் வீட்டுக்கு நேராக வராது. உங்கள் உடம்புக்கும் வருமானத்துக்கும் ஆன நஷ்டத்துக்கு நீங்கள் கேட்டு வாங்குவதுதான் இழப்பீடு. முதல் இரண்டும் கொடுத்தாகிவிட்டது என்பதற்காக மூன்றாவது முடிந்துவிடவில்லை. ஆனால் நிறுவனத்தின் ஆள் வந்து ஐயாயிரம் பத்தாயிரத்தை நீட்டி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், தயவுசெய்து அந்தத் தாளை ஒரு வக்கீல் பார்க்கும் வரை தொடாதீர்கள். புரியாத மொழியில் இருக்கும் எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

அப்புறம் கெடு. இதுதான் எனக்கு ராத்திரியில் தூக்கம் வராத விஷயம். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, அதற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 வருடம், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். ஆட்சியரிடம் சம்பவ நாளிலிருந்து 5 வருடம். எண்ணூர் கசிவுக்கு அது 2028 டிசம்பர். பத்து வருடம் கழித்துப் புற்றுநோய் வந்தவர், நோய் தெரிந்த நாளில்தான் எனக்குக் காரணம் எழுந்தது என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும், ஆனால் அது எளிய வாதம் இல்லை. நியூயார்க்காரர்கள் 2090 வரை வாங்கினார்கள். நமக்கு ஐந்து வருடம். இந்தச் சட்டம் மாற வேண்டும், ஒவ்வொரு கசிவுக்குப் பிறகும் அந்த ஊர் மக்களின் உடல்நலத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்க்கும் பதிவேடு வேண்டும் என்று கேட்பதும் இந்த வழக்குகளின் ஒரு பகுதிதான்.

வக்கீலுக்குப் பணம்?

‘ஜெயிச்சா முப்பது பர்சென்ட் குடு, தோத்தா ஒண்ணும் வேணாம்’ என்று யாராவது சொன்னால், அது நம் நாட்டில் வழக்கறிஞர்களுக்கு அனுமதிக்கப்படாதது. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அமெரிக்காவில் அது சகஜம், அங்கேயே அந்த 9/11 நிதிக்கு மட்டும் வக்கீல் கட்டணம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

நம்மிடம் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், இலவச சட்ட உதவிக்குத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினரோடு, பேரிடரிலும் தொழிற்சாலை விபத்திலும் பாதிக்கப்பட்டவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். ஊராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. ஒரே மாதிரி பாதிப்புள்ள ஐம்பது பேர் ஒரே மருத்துவக் குறிப்போடு நிற்கும்போது ‘பீடி குடிப்பவரா’ என்ற கேள்வி தானாக வலுவிழந்துபோகும், ஐம்பது பேரும் ஒரே ராத்திரியில் பீடி குடிக்க ஆரம்பித்திருக்க முடியாதே.

இனி அந்தச் சீட்டு. கசிவு, தீ, எண்ணெய், எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் அரசு மருத்துவமனையில். இருமல் என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன நாற்றம், எவ்வளவு நேரம் சுவாசித்தீர்கள் என்று சொல்லுங்கள், அதை எழுதச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். என்று ஒரு விபத்துப் பதிவேடு உண்டு, அடிதடிக்கும் ஆக்சிடென்ட்டுக்கும் மட்டும்தான் அது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள், வாயு தாக்கியதற்கும் அதில் பதியலாம். அந்த ஏ.ஆர். காப்பி, ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை பில், நெபுலைசர் வைத்த குறிப்பு, எல்லாவற்றையும் மழை பட்டால் நனையாத ஒரு கவரில் போட்டு ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் முதலில் போவது காகிதம்தான், அதனால் போனில் படம் எடுத்து ஊரில் இல்லாத சொந்தக்காரர் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தொலைந்துவிட்டால் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் மனு கொடுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் வருட விதி சொல்கிறது. மூன்று வருடம் வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது, அதனால் தாமதிக்காதீர்கள்.

மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து நுரையீரல் ஊதும் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு தடவை எடுத்த அளவு ஒரு படம் மாதிரி, மூன்று தடவை எடுத்தால்தான் எது கூடுகிறது எது குறைகிறது என்று நீதிபதிக்குத் தெரியும். காற்றில் அன்று எவ்வளவு இருந்தது என்ற வாரியத்தின் அளவீடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அம்மோனியா அளவு, மணி வாரியாக என்று குறிப்பாகக் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அன்று போனில் எடுத்த வீடியோவை அழிக்காதீர்கள், அனுப்பிய பிரதியைவிட முதலில் எடுத்த போனில் இருப்பதற்குத்தான் மதிப்பு.

சுத்தம் செய்யப் போனவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளியில் அள்ளினார்கள், உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. 2023-லும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீனவர்கள் படகில் போய் மக்கால் அள்ளினார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? எத்தனை நாள், என்ன கையுறை, என்ன முகமூடி? கோபுர இடிபாட்டில் வேலை பார்த்தவர்களுக்குப் பதிவேடு இருந்தது, இல்லாதவர்களுக்குக் கூட்டாளிகள் எழுதிக் கொடுத்தார்கள். நம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலை இப்போதே ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதலாம், தேதி போட்டு, ஒருவருக்கொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரமாக்கி. நினைவு புதிதாக இருக்கும்போது எழுதியதற்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு உண்டு.

அந்த அக்காவோடு மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போனேன். தேதியும் பெயரும் எழுதி மனு கொடுத்தோம். இரண்டாவது தடவை போனபோது ஜெராக்ஸ் கிடைத்தது. பதிவேட்டில் அவர் பெயரை ஓர் எழுத்து தப்பாக எழுதியிருந்தார்கள், வயதிலும் இரண்டு கூடுதல், ஆனால் அம்மோனியா வாயுவைச் சுவாசித்ததாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது, பக்கத்தில் நள்ளிரவு தாண்டிய நேரம். வாசித்துக் காட்டினேன். “இவ்ளோ எழுதியிருக்காங்களா தம்பி?” என்று அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இனி பெயர்த் திருத்தத்துக்கு ஆதார் நகலோடு ஒரு பிரமாணப் பத்திரம் போட வேண்டும், அதை இந்த வாரம் எழுதுகிறேன். அடுத்த வாரம் ஊதும் பரிசோதனை.